நாற்பத்தொன்றாம் எண்

எட்டு வருஷம் லியோட்டா வார்னோடு உட்கார்ந்து ‘மணல்திட்டு’ என்ற கவிதைப் பத்திரிகையை நடத்தினேன். அவளுடைய சொந்தக் கவிதை ஒன்றைக்கூடப் படித்ததில்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வாழ்நாளில் ஒரே ஒரு புத்தகம் போட்டிருந்தாள். கையெழுத்திட்டு எனக்கும் ஒன்று தந்தாள். வாங்கி அலமாரியில் வைத்தவள்தான், அப்புறம் தூசி தட்டக்கூட எடுக்கவில்லை. அதன் முதல் பக்கத்தையாவது புரட்டியிருந்தால் லைமன் பிளெட்சோ வைத்த கண்ணி என் கையிலேயே பிடிபட்டிருக்கும்.

நான் கவிதைக்காரி இல்லை. ஓட்வே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலை ஆறிலிருந்து மதியம் ஒரு மணிவரை லைன் மாற்றிக் கொடுக்கிற வேலை எனக்கு. மதியத்துக்கு மேல் வீட்டில் பூனையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு லியோட்டாவைப் பார்த்துக்கொண்டு உட்காரலாமே என்று போனவள்தான். பூனையைவிட அவள் அதிகம் சீறுவாள்.

அவள் சிகாகோவில் ஒரு பெரிய பத்திரிகையில் வேலை பார்த்துவிட்டு வந்தவள். அங்கே கவிதை வந்தால் முதலில் கீழே பெயரைப் பார்ப்பார்களாம், அப்புறம்தான் மேலே கவிதையைப் பார்ப்பார்களாம். அது பொறுக்காமல் இந்த ஆற்றங்கரைக்கே திரும்பி வந்து சொந்தமாக ஒன்று தொடங்கினாள். வந்ததும் அவள் வைத்த முதல் சட்டம் இதுதான்: தபாலில் வரும் கவிதையை நான் பிரிக்க வேண்டும். பெயரும் ஊரும் இருக்கிற இடத்தில் பழுப்புத் தாளை வெட்டிக் கோந்து தடவி ஒட்ட வேண்டும். மேலே ஒரு எண் போட வேண்டும், வருஷா வருஷம் ஒன்றிலிருந்து. கையால் எழுதியதாக இருந்தால் எழுத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால் டைப் அடித்துத் தர வேண்டும். அதற்குப் பிறகுதான் அது லியோட்டாவின் மேஜைக்குப் போகும். பிடித்தால் எடுத்துக்கொள்வாள். பிடிக்காவிட்டால் ஒரு சீட்டில் காரணத்தை எழுதிக் கொடுப்பாள், நான் திருப்பி அனுப்புவேன். எழுதியவர் பெயர் வேண்டாம் என்றால் வெறும் எண்ணோடு அச்சாகும். அப்படி வந்த கவிதையை எழுதியது யார் என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது. எட்டு வருஷத்தில் அவள் ஒருமுறைகூட என்னைக் கேட்டதும் இல்லை.

லைமன் பிளெட்சோவுக்கு இந்தச் சட்டம் ஆகவே ஆகாது. ஊரிலிருக்கும் பொத்தான் ஆலை அவனுடையது. மிசிசிப்பியில் அள்ளுகிற மட்டிச் சிப்பியை வட்ட வட்டமாக வெட்டி, தூள் பறக்கத் தேய்த்து, துளை போட்டு, அட்டையில் தைத்து நாடெங்கும் அனுப்புகிறான். ஓட்வேயில் பாதிப் பேர் சாப்பிடுவது அதில்தான். ஊர் இலக்கிய வட்டத்துக்கும் அவன்தான் தலைவன். பத்திரிகை வட்டத்தின் பெயரில் வருவது. அதற்குக் காகிதம் தருவதும் அவன், ஆலையின் பொதிகட்டும் கொட்டகைக்கு மேலே எங்களுக்கு அறை தந்திருப்பதும் அவன். இத்தனையும் தந்த மனுஷன் பதினாலு வரிக் கவிதைகளும் எழுதுவான். எட்டு வருஷத்தில் பதினொன்று அனுப்பினான். பதினொன்றிலும் நான் பெயரை மறைத்து ஒட்டினேன், பதினொன்றையும் அவள் திருப்பினாள். ஒன்றுக்கு அவள் எழுதிய சீட்டு எனக்கு மனப்பாடம்: “இதைச் சொல்ல நாலு வரி போதும். அந்த நாலு வரி இந்தப் பதினாலில் இல்லை.”

சரி, அதைக்கூட அவன் விழுங்கிக்கொண்டான். நாற்பத்தொன்றாம் எண் கவிதையைத்தான் அவனால் விழுங்க முடியவில்லை.

அது தபாலில் வரவில்லை. ஒரு மார்ச் மாதக் காலையில் எக்ஸ்சேஞ்ச் வாசலில் என் கையில் நேராகவே கொடுக்கப்பட்டது. கொடுத்த ஆள் ஆணா பெண்ணா என்றுகூட உங்களுக்குச் சொல்ல மாட்டேன். பிளெட்சோ ஆலையில் வேலை பார்க்கும் ஆள், பெயர் வெளியே வரக் கூடாது, அவ்வளவுதான். வந்தால் அன்றைக்கே வேலை போகும். வீட்டில் அந்தச் சம்பளத்தை நம்பி இருக்கிற வயிறுகள் எத்தனை என்பதும் எனக்குத் தெரியும். கவிதை சின்னது:

*உங்கள் சட்டையின் மேல் பொத்தானை*
*ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.*
*இரண்டு துளை தெரியும்.*
*அதன் வழியே இருமுவது நான்.*

லியோட்டா இதை உட்கார்ந்து படித்தாள், பிறகு எழுந்து நின்று படித்தாள். ஜன்னலோரம் போய்த் தன் சட்டையின் மேல் பொத்தானை இழுத்துப் பார்த்தாள். “முதல் பக்கம்,” என்று மட்டும் சொன்னாள்.

வசந்த இதழ் போன பத்தாம் நாள் சிகாகோவிலிருந்து துணி வியாபாரி ஒருவன் பிளெட்சோவுக்கு டிரங்க் கால் போட்டான். லைன் கொடுத்தவள் நான். ஒட்டுக் கேட்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பவா போகிறீர்கள்? “உன் பொத்தான் இருமுதாமே, லைமன்? என் பெண்டாட்டி பத்திரிகையில படிச்சுட்டு என் சட்டையைப் பார்த்துச் சிரிக்கிறா,” என்றான் அவன். மறுமுனையில் பிளெட்சோ சிரிக்கவில்லை.

அன்று மதியமே மாடிப்படி அதிர ஏறி வந்தான். தொப்பியைக்கூட எடுக்கவில்லை.

“யாரு எழுதினது இது?”

“தெரியாது,” என்றாள் லியோட்டா.

“பத்திரிகை நடத்துறது நீங்க. தெரியாதுன்னா என்ன அர்த்தம்?”

“தெரியக் கூடாதுன்னுதானே பேரை ஒட்டி மறைக்கிறோம், மிஸ்டர் பிளெட்சோ. உங்க பதினொண்ணையும் நான் அப்படித்தான் படிச்சேன். பேர் தெரிஞ்சிருந்தா மரியாதைக்காவது ஒண்ணைப் போட்டுத் தொலைச்சிருப்பேன்.”

அவன் முகம் கன்றியது. என் பக்கம் திரும்பினான். “வெர்டா, உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“சொல்லு.”

“மாட்டேன்.”

“நான் ஒண்ணும் கடிச்சுத் தின்னுடப் போறதில்ல. கூப்பிட்டு ரெண்டு வார்த்தை பேசணும், அவ்வளவுதான்.”

“அப்ப கீழ போயி எல்லார்கிட்டயும் ரெண்டு ரெண்டு வார்த்தை பேசுங்க. நூத்தி முப்பது பேர்தானே, சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடலாம்.”

அவன் கண் என் மேலங்கிப் பையில் துருத்திக்கொண்டிருந்த கறுப்பு நோட்டின் மேல் போனது. நான் எங்கே போனாலும் அது கூடவே இருக்கும். எண்ணும் பெயரும் அதில்தான் இருக்கிறது என்று ஊர் முழுக்க ஒரு நினைப்பு. நான் அதை மறுத்ததும் இல்லை. அவன் ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனான். கத்திவிட்டுப் போயிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கண்ணி எப்படி வந்தது என்றால், ஆகஸ்டில், டுபியூக் ஊர் முத்திரையோடு, சாதாரண உறையில் வந்தது. அழகாக டைப் அடித்த ஒரு கவிதை. கீழே ‘இ. டேஸ்’ என்று ஒரு பெயர். ஒட்டினேன், அறுபத்தெட்டு என்று எண் போட்டேன், கொடுத்துவிட்டேன். ஒரு சின்னப் பெண் மென்மையாகக் கண்மூடுகிறாள், ஒரு தேவதை மென்மையாகக் கைநீட்டுகிறது, ஒரு இதழ் மென்மையாக உதிர்கிறது. எங்களுக்கு மாதத்துக்கு ரெண்டாவது வருகிற சரக்கு. ரெண்டு நிமிஷத்தில் திருப்பிவிடுவாள் என்று நினைத்தேன்.

லியோட்டா ரெண்டு நிமிஷத்தில் திருப்பவில்லை. அதை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. பிறகு, எட்டு வருஷத்தில் கேட்காததைக் கேட்டாள்.

“இதை யாரு அனுப்பினாங்க, வெர்டா?”

“நீங்க போட்ட சட்டம்தானே? நான் எப்படிச் சொல்றது?”

“ஆமா,” என்றாள். “நான் போட்டதுதான்.” பென்சிலை எடுத்து அழுத்தி அழுத்தி எழுதினாள். சீட்டின் பின்பக்கம்வரை எழுத்துத் தடித்துத் தெரிந்தது. வழக்கமாக நான் சீட்டுகளைப் படித்துவிட்டுத்தான் உறையை ஒட்டுவேன். அன்று அவள் முகத்தைப் பார்த்த பிறகு படிக்கத் தோன்றவில்லை. அப்படியே உறையில் போட்டு டுபியூக்குக்கு அனுப்பிவிட்டேன்.

செப்டம்பர் முதல் ஞாயிறு மதியம், இலக்கிய வட்டத்தின் ஆண்டுக் கூட்டம். மெதடிஸ்ட் சர்ச்சின் கீழ்த்தளத்தில் எப்போதும் நடப்பதுதான். முன்வரிசையில் பாங்க்காரர் மனைவி, டாக்டர், பாதிரியார், பள்ளிக்கூட ஆசிரியைகள். பின்வரிசையில் ஆலைக்காரர்கள். அவர்களும் சந்தா கட்டிய உறுப்பினர்கள்தான், ஆனால் வந்து காபி குடித்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார்கள். அன்றைக்கு வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். பிளெட்சோ ஆள் வைத்து எல்லோரையும் வரச் சொல்லியிருந்தான் என்பது எனக்கு எக்ஸ்சேஞ்சிலேயே தெரியும். எதற்கு என்பதுதான் தெரியவில்லை.

ஆண்டறிக்கை முடிந்ததும் பிளெட்சோ எழுந்து தொண்டையைக் கனைத்தான்.

“நண்பர்களே, நம்ம பத்திரிகையோட ஆசிரியர் எப்படிக் கவிதையைத் தேர்ந்தெடுக்கிறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். பேரை மறைச்சுட்டுப் படிப்பாங்களாம். அப்பதான் நல்லது கெட்டது தெரியுமாம். சரி, சோதிச்சுப் பார்ப்போமேன்னு நான் ஒரு சின்ன வேலை பண்ணேன். டுபியூக்ல என் மச்சான் விலாசத்துல இருந்து ஒரு கவிதையை அனுப்பி வெச்சேன். என்னைக் கேட்டா இந்த ஊர்ல எழுதினதிலேயே அழகான கவிதை இதுதான். காலேஜ் முடிச்சு வந்த நாள்ல இருந்து எங்க அப்பா ஆபீஸ் சுவத்துல ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கறதைப் பார்த்துட்டு வர்றவன் நான். கேளுங்க.”

வாசித்தான். நன்றாகத்தான் வாசித்தான், அதில் குறை சொல்ல முடியாது. மென்மையாகக் கண்மூடுகிறாள், மென்மையாகக் கைநீட்டுகிறது, மென்மையாக உதிர்கிறது. பாங்க்காரர் மனைவி கைக்குட்டையை எடுத்தாள்.

“எழுதினது யாருன்னு கேக்கறீங்களா?” அவன் லியோட்டாவைப் பார்த்துப் புன்னகை செய்தான். “மிஸ் லியோட்டா வார்ன். இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி. அவங்க புத்தகத்துலயும் முதல் கவிதை இதுதான். தன் கவிதை தனக்கே தெரியாம அதைத் திருப்பி அனுப்பியிருக்காங்க.”

முன்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என் அலமாரியில் எட்டு வருஷமாகக் கிடக்கிற புத்தகத்தை நினைத்து என்னையே நான்கு அறை அறையலாம் போல இருந்தது.

“சும்மா திருப்பல,” என்று அவன் சீட்டை எடுத்தான். “காரணம் வேற எழுதியிருக்காங்க. கேளுங்க. ‘மென்மையாக என்ற சொல் இதில் மூன்று தடவை வருகிறது. நடந்தது மென்மையாக நடக்கவில்லை. அது எழுதியவருக்கும் தெரியும். இந்தக் கவிதை பொய் சொல்கிறது. நடந்ததை எழுதி அனுப்புங்கள்.’”

சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்த்துத்தான் தலையை நிமிர்த்தினான். முன்வரிசையில் சின்ன வயசுக்காரர்கள் சிரித்தார்கள். நாற்பது தாண்டியவர்கள் யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் தரையைப் பார்த்தார். பின்வரிசையில் ஒரு காபிக் கோப்பை தட்டில் வைக்கப்படுகிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

பாவி மனுஷனுக்கு அப்போதும் புரியவில்லை. அது நடந்தபோது அவன் கிழக்கே காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். சுவரில் மாட்டியிருந்ததுதான் அவனுக்குத் தெரியும். அது எதற்காக அங்கே மாட்டப்பட்டது என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

லியோட்டா எழுந்தாள்.

“முதல் வரியிலேயே தெரிஞ்சுடுச்சு, மிஸ்டர் பிளெட்சோ. என் கவிதை எனக்குத் தெரியாதா? யாரோ ஒருத்தர் இதை இத்தனை வருஷம் பத்திரமா வெச்சிருந்து, இன்னும் நான் இதுக்குப் பொறுப்பு ஏத்துக்கறேனான்னு கேக்கறாங்கன்னு நினைச்சேன். ஏத்துக்கல. அதான் திருப்பி அனுப்பினேன். இப்பவும் திருப்பறேன்.”

“எதுல பொய் இருக்கு? அருமையான கவிதை,” என்றான் அவன்.

அவனாகத்தான் கேட்டான். எல்லோரும் சாட்சி.

“அதுல வர்ற பொண்ணு என் தங்கச்சி லீனா,” என்றாள் லியோட்டா. “பதினேழு வயசு. உங்க அப்பா ஆலையில துளைபோடுற கூடத்துல வேலை. மேல ஓடுற பெல்ட்டுல தலைமயிர் மாட்டிக்கிச்சு. இஞ்சினை நிறுத்தணும்னா உங்க அப்பாகிட்ட கேட்டுட்டுத்தான் நிறுத்தணும்னு மேஸ்திரிக்கு உத்தரவு. ஆள் ஓடி, அவரு சாப்பாட்டு மேஜையில இருந்து எழுந்து வந்து, சரின்னு சொல்றதுக்கு ஒன்பது நிமிஷம். நான் பக்கத்து மிஷின்ல இருந்தேன். ஒன்பது நிமிஷமும் அவ சத்தம் போட்டா.”

அவள் விடாமல் தொடர்ந்தாள்.

“மறுநாள் உங்க அப்பா வீட்டுக்கு வந்தாரு. நல்லா எழுதுவியாமே, பத்திரிகையில போட ஏதாவது எழுதிக் குடு, ஆறுதலா இருக்கும்னாரு. எங்க அப்பாவும் அதே ஆலையில வேலை பார்த்தாரு. எனக்கு இருபத்திரெண்டு வயசு. எழுதிக் குடுத்தேன். மென்மையா போனான்னு எழுதினேன். அதைத்தான் உங்க சுவத்துல மாட்டியிருக்கீங்க.” பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னாள்: “அதுக்கப்புறம்தான் பேரை மறைச்சுட்டுப் படிக்கணும்னு எனக்குப் புத்தி வந்துச்சு. யாருக்காக எழுதினது, யாரு கேட்டு எழுதினதுன்னு பார்க்காம, சொல்றது நிஜமான்னு மட்டும் பார்க்கணும்னு.”

பிளெட்சோ அங்கேயே உட்கார்ந்துவிட்டிருந்தால் நான் அவனைக் கொஞ்சமாவது மதித்திருப்பேன். முகம் வெளுத்துப்போய்த்தான் நின்றான். ஆனால் கையில் தயாராக வைத்திருந்த தீர்மானத்தை அவனால் விட முடியவில்லை. பெயர் மறைக்கும் வழக்கத்தை நிறுத்துவது, அவன் மருமகனை ஆசிரியராகப் போடுவது, பத்திரிகையின் எல்லாப் பதிவுகளையும் தலைவரிடம் ஒப்படைப்பது. கடைசி வரிக்காகத்தான் முழுத் தீர்மானமும். நாற்பத்தொன்றாம் எண்ணின் பெயர் அவனுக்கு வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

எங்கள் வட்டத்தில் ஓட்டு என்றால் எழுந்து நிற்க வேண்டும். கையைத் தூக்கிவிட்டுச் சட்டென்று இறக்கிக்கொள்ள முடியாது. எண்ணி முடிக்கிறவரை எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி நிற்க வேண்டும்.

“ஆதரிக்கிறவங்க,” என்றான். முன்வரிசை எழுந்தது. சிலர் பாதி எழுந்து, பக்கத்தில் பார்த்து, பிறகு முழுதாக எழுந்தார்கள். இருபத்தொன்று. டாக்டர் எழுந்திருக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.

“எதிர்க்கிறவங்க.”

நான் நாற்காலி விழ எழுந்தேன். டாக்டர் எழுந்தார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். அப்போது பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்தால் ஆலைக்காரர்கள். ஒருவர், மூவர், பிறகு ஒரு வரிசையே. தங்களுக்குச் சம்பளம் தருகிறவன் முகத்துக்கு நேராக, எண்ணுகிறவரை நின்றார்கள். அவன் வேண்டுமென்றே மெதுவாக எண்ணினான். ஒவ்வொரு முகத்திலும் நிறுத்தி நிறுத்தி எண்ணினான். ஒருவரும் உட்காரவில்லை. அந்தக் கவிதையை எழுதிய ஆள் அவர்களில் நின்றாரா, உட்கார்ந்திருந்தாரா என்று கேட்காதீர்கள். நின்றது பதினாலு பேர். எங்களோடு பதினாறு.

தோற்றோம். லியோட்டா ஓட்டே போடவில்லை. தன் விஷயத்தில் தான் ஓட்டுப் போடக் கூடாதாம். அவள் மாறவே மாட்டாள்.

“பத்திரிகையோட பேரை வெச்சுக்கோங்க,” என்றாள். “அந்த அறையையும் வெச்சுக்கோங்க. கவிதைங்க எழுதினவங்களோடது, அதைத் திருப்பி அனுப்பிடறேன்.”

“பதிவுகள்,” என்றான் பிளெட்சோ. கையை என் பக்கம் நீட்டினான். “அந்த நோட்டு வட்டத்தோட சொத்து.”

“நோட்டா?” என்றேன். “இதுவா? தாராளமா.”

பையிலிருந்து எடுத்து அவன் கையிலேயே வைத்தேன். லியோட்டா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஒரு நிமிஷம் எனக்கே பயமாகிவிட்டது. அவளும் அந்த நோட்டை நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். பிளெட்சோ அவசரமாகப் புரட்டினான். ஒரு பக்கம், ரெண்டு பக்கம், நடுவில், கடைசியில்.

“சத்தமா வாசிங்களேன்,” என்றேன். “வட்டத்தோட சொத்தாச்சே, எல்லாரும் கேக்கட்டும்.”

அவன் வாசிக்கவில்லை. டாக்டர் எட்டிப் பார்த்தார். “ருபார்ப் பை,” என்று அவர்தான் படித்தார். அது புளிப்புத் தண்டும் சர்க்கரையும் வைத்துச் சுடுகிற பண்டம்; நோட்டு முழுக்க என் சமையல் குறிப்புதான். “தண்டு நாலு கப், சர்க்கரை ஒண்ணரை... வெர்டா, இதுல சோளமாவு எவ்வளவுன்னு எழுதவே இல்லையே?”

“ரெண்டு ஸ்பூன், டாக்டர். அதெல்லாம் கைக் கணக்கு.”

பின்வரிசையில்தான் முதலில் சிரித்தார்கள். அந்தக் கீழ்த்தளத்தில் ஆலைக்காரர்கள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிளெட்சோ நோட்டை மேஜையில் அடித்தான்.

“பேருங்க எங்க?”

“மிஸ்டர் பிளெட்சோ, இந்த ஊர்ல முந்நூத்தி நாப்பது டெலிபோன் இருக்கு. எந்த நம்பர் யாரு வீடுன்னு நான் ஒரு தாளைப் பார்த்துச் சொல்லி நீங்க கேட்டிருக்கீங்களா? வருஷத்துக்கு எழுபது எண்பது கவிதைக்கு எனக்கு எதுக்கு நோட்டு?” நெற்றியைத் தட்டிக் காட்டினேன். “எல்லாம் இங்கதான் இருக்கு. தீர்மானம் போட்டு இதையும் எடுத்துக்கறதா இருந்தா எடுத்துக்கோங்க.”

அவனால் என்ன செய்ய முடியும்? நின்ற பதினாலு பேரையும் துரத்தலாம் என்றால் இலையுதிர்கால ஆர்டர் மலைபோலக் கிடந்தது. ரெண்டு பேரை வேறு இடத்துக்கு மாற்றினான், ஒரு மாதம் எல்லோரையும் முறைத்துக்கொண்டு திரிந்தான். என்னைப் பற்றி டெலிபோன் கம்பெனிக்குப் புகார் எழுதினான். கம்பெனிக்காரர்கள் இந்த ஊருக்கு வேறு ஆள் கிடைக்காது என்று சும்மா இருந்துவிட்டார்கள். நாற்பத்தொன்றாம் எண் இன்றுவரை வேலையில்தான் இருக்கிறார்.

‘மணல்திட்டு’ மருமகன் கையில் ரெண்டு இதழ் வந்தது. முதல் இதழில் பிளெட்சோவின் பதினொன்றும் இருந்தன என்று கேள்வி. நான் வாங்கவில்லை.

லூதரன் பாதிரியார் ஞாயிறு அறிவிப்பு அடிக்கிற மிஷினை வாரத்தில் ஒரு நாள் எங்களுக்குத் தருவதாகச் சொன்னார். லியோட்டா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் புதுப் பத்திரிகை தொடங்கியது. பெயர்கூட வைக்கவில்லை. அது கிளம்புவதற்கு முன், அக்டோபரில் ஒரு நாள் மதியம் நான் எக்ஸ்சேஞ்சிலிருந்து இறங்குகிற நேரத்துக்கு அவள் வந்து நின்றாள். கையில் மடித்த தாள்.

“இதுல பேரை மறைச்சு ஒட்டி நம்பர் போடு.”

“யாரோடது?”

“என்னோடது. லீனாவைப் பத்தி. இந்தத் தடவை நடந்ததை எழுதியிருக்கேன்.”

“உங்களோடதை யாரு தேர்ந்தெடுக்கிறது? நீங்கதானே ஆசிரியர்?”

“நான் எழுதினதை நானே எப்படிடி தேர்ந்தெடுக்கிறது? நிஜம் எது, பொய் எதுன்னு தெரிஞ்ச ஒருத்தர்கிட்டக் குடு. யாருன்னு எனக்குச் சொல்லாத. அவங்களுக்கும் நான்னு சொல்லாத.”

யாரிடம் கொடுத்தேன் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். சாயங்காலம் ஆலை விடுகிற மணி அடித்த நேரத்தில் கொடுத்தேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. இதைக் கொண்டுபோய் அவளிடம் எப்படிக் கொடுப்பது? ஆனாலும் கையெழுத்துத் தெரியாமல் டைப் அடித்துக் கொடுத்தேன்.

“பெல்ட் வருது. ஒன்பது நிமிஷம் வருது. நல்லா இருக்கு. கடைசி நாலு வரியில ஒரு தேவதை வருது. நான் அந்தக் கூடத்துலதான் இருக்கேன், தேவதை எதையும் பார்த்ததில்ல. அது உங்களுக்கு ஆறுதலுக்காக எழுதினது. எடுத்துட்டு அனுப்புங்க.”

லியோட்டா படித்தாள். கழுத்திலிருந்து காதுவரை சிவந்தது. சிகாகோவில் இருந்தவள், புத்தகம் போட்டவள், இருபது வருஷமாக அடுத்தவர் கவிதையைத் திருப்பி அனுப்பியவள். கோபத்தில் ஏதோ கேட்க வாயைத் திறந்தாள். நான் தயாராக நின்றேன். அவள் கேட்கவில்லை.

தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பென்சிலை எடுத்து நாலு வரியையும் அடித்தாள். அந்த இடத்தில் வேறு ஏதாவது எழுதுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவும் எழுதவில்லை. லீனாவின் தலைமயிர் பெல்ட்டில் இருக்க, இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கவிதை அங்கேயே நின்றது. அவள் கண்ணீர் தாளில் விழாதபடி தள்ளி உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், எதற்கு மறைக்க வேண்டும்.

“கொண்டு போ,” என்றாள்.

மறுநாள் மதியமே பதில் வந்துவிட்டது.

“இப்ப சரி. போடுங்க. யாரு எழுதினதுன்னு எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். நான்தான் பேர் போட முடியாத ஆள். இவங்களை யாரும் வேலையை விட்டுத் துரத்த முடியாது. அதனால பேரைப் போட்டே போடச் சொல்லுங்க. தங்கச்சி பேரையும் போடச் சொல்லுங்க.”

லியோட்டா இந்தச் சீட்டை எனக்கே ரெண்டு தடவை வாசித்துக் காட்டினாள். பிறகு தன் கவிதையை எடுத்து, நான் ஒட்டியிருந்த பழுப்புத் தாளை நகத்தால் உரித்தாள். கோந்து நன்றாகப் பிடித்திருந்தது, கொஞ்சம் கிழிந்துதான் வந்தது. முதல் பக்கத்தில் ரெண்டு பெயரையும் பெரிய எழுத்தில் போட்டு அச்சடித்தோம். ஒரு பிரதியை ஆலை ஆபீசுக்கு நானே கொண்டுபோய், பிளெட்சோவின் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.